அட்டைப்பெட்டி டேப்பும் ஆலைக்குள்ள ஒட்டுற பசையும்

போன வாரம் சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையில ஒரு கட்டு அட்டைப்பெட்டி போட்டேன். எல்லாமே ஆன்லைன் டெலிவரி பெட்டிங்க. கடைக்கார அண்ணன் டேப்பைக் காட்டி, "இதை உரிச்சிட்டுக் கொண்டாந்திருக்கலாம்ல தம்பி"ன்னார். சிரிச்சுட்டு வந்துட்டேன். படிச்சுப் பார்த்தப்புறம்தான் அது எவ்வளவு பெரிய தலைவலின்னு புரிஞ்சுது.

மதுரையிலிருந்து திருச்சிக்கு ரயில்ல போனா மணப்பாறை வரும். அதுக்குப் பக்கத்துல மொண்டிப்பட்டியில டிஎன்பிஎல்லோட இரண்டாவது ஆலை இருக்கு. 2016ல தொடங்கினது, வருஷத்துக்கு 2 லட்சம் டன் அட்டை தயாரிக்கிற அளவு. புகளூர்ல இருக்கிற முதல் ஆலை கரும்புச் சக்கையில காகிதம் செஞ்சு பேர் வாங்கினது. சக்கைன்னா பசை கிடையாது. ஆனா எந்த ஆலையா இருந்தாலும், பழைய பேப்பர் உள்ள வந்தா டேப், லேபிள், புத்தக பைண்டிங்னு பசையும் கூடவே வரும்.

வலை மேல பாயுற கூழ்ல கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணிதான். பெரிய பசைத் துண்டை சல்லடை பிடிச்சிடும். கண்ணுக்குத் தெரியாத துகள்தான் வம்பு. அதுக்கும் மைனஸ் சார்ஜ், நாருக்கும் மைனஸ் சார்ஜ். அதனால நார்ல ஒட்டாம, வலையில வடியிற தண்ணியோடயே போயிடும். அந்தத் தண்ணியைத்தான் ஆலை திரும்பத் திரும்பப் பயன்படுத்துது. நம்ம வறண்ட பூமியில வேற என்ன செய்ய? தண்ணியை மிச்சம் பிடிக்கப் பிடிக்க, பசை உள்ளேயே சேரும். திடீர்னு சூடோ பிஎச்சோ மாறினா திரண்டு, வலையிலயும் உருளையிலயும் அப்பிக்கும். தாள்ல ஓட்டை விழும், தாள் அறுந்து மெஷின் நிக்கும்.

ஒரு வழி, டால்க் பவுடர். சப்பாத்தி மாவு கையில ஒட்டாம இருக்க வரமாவு தூவுறோமே, அதே கதை. இன்னொரு வழிதான் எனக்குப் பிடிச்சது: பசையைத் துரத்தாம, தாளோடயே வெளிய அனுப்பிடுறது. பாலிடாட்மேக் மாதிரி பிளஸ் சார்ஜ் உள்ள பாலிமரைப் போட்டா, துகள் சின்னதா இருக்கும்போதே நார்ல போய் ஒட்டிக்கும். அப்புறம் ரிடென்ஷன் எய்ட். பெரும்பாலும் நீளச் சங்கிலி பாலிஅக்ரிலமைடு. டன்னுக்குச் சில நூறு கிராம் போதும். நாரையும் துகளையும் பாலம் போட்டுக் கட்டி, வலை மேலயே நிறுத்திடும்.

வரிசை முக்கியம். பசை முதல்லயே திரண்டிருந்தா, பெரிய கட்டியைத்தான் தாள்ல பதிப்போம். அளவு கூடினா நாரே திட்டுத்திட்டா சேர்ந்து தாள் கெட்டுப்போகும்.

அப்படி வெளிய போன பசை எங்கயும் தொலையல. அந்தத் தாள் பெட்டியாகி மறுபடி பேப்பர் கடைக்கு வரும்போது, பழைய பசையோட புது டேப்பும் சேர்ந்து வரும்.