தினமும் பச்சை கேப்சூல் போடுறீங்களா? வைட்டமின் இ பற்றி முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோங்க!

முடி கொட்டுதா, முகத்தில் தழும்பா, குதிகால் வெடிப்பா... எல்லாத்துக்கும் வைட்டமின் இ கேப்சூல்தான் மருந்து என்று வீடியோக்கள் சொல்லிவிட்டன. டாக்டர் சீட்டே இல்லாமல், "அந்த பச்சை மாத்திரை ஒரு அட்டை கொடுங்க" என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்பவர்கள் நிறைய பேர். சிலர் அதை உடைத்து முகத்தில் தடவுகிறார்கள். சிலர் தினமும் ஒன்று விழுங்குகிறார்கள். யோசிக்க வேண்டியது இந்த இரண்டாவது பழக்கத்தைத்தான்.

உடம்பில் இதுக்கு என்ன வேலை?

நம் செல்களைச் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. பழைய எண்ணெய் காறிப்போவது மாதிரி, ஆக்சிஜனால் இந்தக் கொழுப்பும் கெடும். அதைத் தடுப்பதுதான் வைட்டமின் இ-யின் முக்கிய வேலை. நரம்புகளுக்கும் நோய் எதிர்ப்பு சக்திக்கும் இது தேவை. 1922-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேதரின் பிஷப் இருவரும் எலிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

எதில் கிடைக்கும்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் போதும் என்கிறது அமெரிக்க அளவுகோல். சூரியகாந்தி விதை ஒரு கைப்பிடி, அதாவது 28 கிராம் சாப்பிட்டால், அதில் பாதி வந்துவிடும். அதே அளவு பாதாமில் 7 மில்லிகிராம் வரை இருக்கிறது. பாதாம் விலைக்கு எங்கே போவது என்கிறீர்களா? வேர்க்கடலை இருக்கிறதே! ஒரு கைப்பிடியில் 2 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். வேகவைத்த பசலைக்கீரை அரை கப்பில் கிட்டத்தட்ட 2. சமையலுக்கு ஊற்றும் சூரியகாந்தி எண்ணெயில் ஒரு டேபிள் ஸ்பூனுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் இது மிகக் குறைவு. பஜ்ஜி சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால், அதில் இருக்கிற வைட்டமினும் போய்விடும்.

இது கொழுப்பில் கரையும் சத்து. அதனால் துளி எண்ணெய்கூட இல்லாத டயட்டில் இருந்தால், சாப்பிட்டதும் சரியாக உடம்பில் சேராது.

அப்போ கேப்சூல்?

ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு வைட்டமின் இ குறைபாடு வருவது அபூர்வம். கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல், கல்லீரல் நோயாளிகளுக்கும், குறைமாதக் குழந்தைகளுக்கும்தான் பெரும்பாலும் அந்தச் சிக்கல். ஆனால் கடையில் கிடைக்கும் 400 மில்லிகிராம் கேப்சூல் ஒன்றிலேயே அன்றாடத் தேவையைப் போல பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது.

'சத்துதானே, கூட இருந்தா என்ன?' என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 35,000-க்கும் அதிகமான ஆண்களிடம் நடந்த 'செலக்ட்' ஆய்வில், தினமும் 400 யூனிட் வைட்டமின் இ எடுத்தவர்களுக்கு புரோஸ்டேட் புற்றுநோய் வாய்ப்பு 17 சதவீதம் கூடியிருந்தது 2011-ல் தெரியவந்தது. புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் அந்த ஆய்வையே தொடங்கினார்கள்!

அளவு மீறினால் ரத்தம் உறைவதும் தாமதமாகும். வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் உண்டு. ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால், இந்த கேப்சூல் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

முகத்தில் தடவுபவர்களுக்கு ஒரு விஷயம்: தழும்பு மறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, சிலருக்கு அரிப்பும் தடிப்பும்தான் மிச்சம். அதேசமயம், கல்லீரல் கொழுப்பு பாதிப்புள்ள சிலருக்கு டாக்டர்களே இதை எழுதித் தருவது உண்டு. அப்படி எழுதியிருந்தால் பாதியில் நிறுத்த வேண்டாம், அவர் சொன்ன நாள்வரை சாப்பிடலாம்.