சித்திரக்கதை வரைந்து பிழைக்க முடியுமா?

கணக்கு நோட்டின் ஓரங்களிலெல்லாம் முகங்களை வரைந்து வைக்கும் பிள்ளை ஒன்று பல வீடுகளில் உண்டு. "இது சோறு போடுமா?" என்று பெற்றோர் கேட்பதும் உண்டு. பிறந்த ஊரை விட்டு, மாதச் சம்பளத்தை நம்பி வந்த நம்மவர் குடும்பங்களில் இக்கேள்வி சற்று உரக்கவே எழும். கேள்வி நியாயமானதே. விடை தேடுவோர் பிராண் குமார் சர்மாவின் தொழில் வாழ்க்கையைச் சிறிது ஆராய்தல் நலம்.

லாகூருக்கு அருகிலுள்ள கசூரில் 1938 ஆகஸ்டு 15இல் பிறந்தவர் அவர். தேசப் பிரிவினைக்குப் பின் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. தில்லியில் மாலைக் கல்லூரியில் அரசியல் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார், சித்திர ஆசிரியராகும் எண்ணத்துடன் ஓவியமும் கற்றார். ஆயினும் 1960இல் தில்லி 'மிலாப்' நாளேட்டில் 'டாபூ' என்னும் சித்திரத் தொடரை வரையத் தொடங்கினார்.

அந்நாளில் நம் ஏடுகளில் அயல்நாட்டுத் தொடர்களே மலிந்திருந்தன. ஒரே தொடரைப் பல நாட்டு ஏடுகளுக்கு விற்றதால் அவற்றைக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. ஒரே ஏட்டை நம்பிய உள்ளூர் ஓவியன் அவ்விலைக்கு எங்ஙனம் ஈடு கொடுப்பான்? பிராண் அதே வழியைத் தாமும் மேற்கொண்டார். தம் தொடர்களைப் பல ஏடுகளுக்கு வழங்கலானார். படத்தின் அழகைவிட இந்த வியாபார அறிவே அவரை நிலைநிறுத்தியது என்பது என் கருத்து.

பின்னர் 'லோட்போட்' என்னும் இந்தி இதழில் சாச்சா சௌத்ரி தோன்றினார். சிவப்புத் தலைப்பாகை, வெள்ளை மீசை, கையில் தடி. துணைக்கு வியாழன் கிரகத்திலிருந்து வந்த ராட்சதன் சாபு. முஷ்டியால் அன்றி மூளையால் வெல்லும் கிழவர்! வடநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இந்தி எழுத்துக் கூட்டிப் படித்ததே ரயில் நிலையக் கடைகளில் வாங்கிய இந்தப் புத்தகங்களில்தான். சில கோடுகளில் முடிந்துவிடும் எளிய படங்கள் அவை. நுணுக்கம் போதாது என்பார் உளர். மட்டமான காகிதத்திலும் மங்காமல் அச்சேறும் படம் எளிதன்று. பிராண் 2014இல் மறைந்தார். மறு ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

மற்றொரு வழியும் உண்டு. சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற நம் சங்கர் (கே. சி. சிவசங்கரன்) கலைமகளில் பணியாற்றி, 1952இல் சந்தாமாமாவில் சேர்ந்தார். வேதாளத்தைத் தோளில் சுமந்து வாளுடன் நடக்கும் விக்கிரமனை மறந்தவர் யார்? அவ்விதழ் நின்றுபோகும் வரை, ஏறத்தாழ 60 ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். 2020இல் காலமான அவருக்கும் பத்மஸ்ரீ மறைவுக்குப் பின்னரே வந்தது.

இவ்விரண்டில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருவதன் அருமை குமாஸ்தாவுக்குத் தெரியும். ஆனால் சட்டத்தைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு அமர்ந்தவர் இதழுக்காக வரைந்த படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லையேல், இதழின் உரிமையாளருக்கே என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். தனித்து வரைபவர் தம் உரிமையை மாற்றிக் கொடுப்பதாயின், அது எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிடில் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். உரிமையை விற்ற பின்னும் "இதை வரைந்தவன் நானே" என்று கூறும் உரிமை ஓவியனை விட்டுப் போவதில்லை.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளையின் படத்தை ஓர் இதழ் ஏற்று ஒப்பந்தம் அனுப்பினால், தொகையைப் பார்த்து மகிழ்ந்த கையோடு, எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்ற வரிகளையும் படித்துவிட்டுக் கையொப்பமிடச் சொல்லுங்கள்.