தினமும் ஒரு ‘பான் 40’: அசிடிட்டி மாத்திரையை எத்தனை நாள் போடலாம்? எப்படி நிறுத்துவது?

இரவு 11 மணிக்கு பிரியாணி, மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஐடி வேலை, நைட் ஷிஃப்ட், டெட்லைன் என ஓடும் பலருக்கு இது பழகிப்போன ஒன்று. ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கோ எந்த மருந்துச் சீட்டை எடுத்தாலும் முதல் வரியில் ஒரு ‘கேஸ் மாத்திரை’ இருக்கும். மற்ற மருந்துகள் மாறினாலும் அது மட்டும் வருடக்கணக்கில் மாறுவதில்லை.

இந்த மாத்திரை ஆபத்தானதா? வாட்ஸ்அப்பில் வருவதுபோல ‘கிட்னியைக் காலி பண்ணிடுமா’? சுருக்கமான பதில்: தேவைப்படுகிறவருக்கு இது உயிர் காக்கும் மருந்து. தேவை முடிந்த பிறகும் கேள்வி கேட்காமல் தொடர்வதுதான் பிரச்னை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பார்ப்போம்.

எல்லா ‘கேஸ் மாத்திரை’யும் ஒன்றா?

இல்லை. கடையில் ஒரே பெயரில் கேட்டாலும், இவை மூன்று வகை.

முதல் வகை, ஆன்டாசிட். ஜெலுசில், டைஜீன், ஈனோ போன்றவை. வயிற்றில் ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தைச் சமன் செய்யும். சில நிமிடங்களில் வேலை செய்யும், சீக்கிரமே பலன் தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகை, அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் ஹிஸ்டமின் என்ற சமிக்ஞையைத் தடுப்பவை. ஃபாமோடிடின், ரானிடிடின் இந்த வகை. பல மணி நேரம் பலன் தரும். ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரங்களிலேயே உடல் பழகிக்கொள்ளும், பலன் குறையும்.

மூன்றாவது வகைதான் இன்று அதிகம் புழங்கும் பிபிஐ. ஒமெப்ரசோல், பான்டோபிரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் என ‘பிரசோல்’ என்று முடியும் பெயர்கள் எல்லாம் இதில் அடங்கும். வயிற்றுச் சுவரின் செல்களில் அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய ‘பம்ப்’கள் இருக்கின்றன. இந்த மருந்து அந்தப் பம்ப்களில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டு அவற்றை நிறுத்திவிடும். மருந்து ரத்தத்தில் இருப்பது ஓரிரு மணி நேரம்தான். ஆனால் உடல் புதிய பம்ப்களை உருவாக்கும்வரை, அதாவது ஒரு நாளுக்கும் மேலாக, பலன் நீடிக்கும்.

சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?

பிபிஐ என்றால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன்பு. காரணம் எளிது. ஓடிக்கொண்டிருக்கும் பம்ப்பைத்தான் இந்த மருந்தால் நிறுத்த முடியும். நாம் சாப்பிடும்போதுதான் பம்ப்கள் ஓடத் தொடங்கும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

நெஞ்சு எரியும்போது நடுராத்திரியில் ஒன்றை எடுத்துப் போட்டால் உடனடி நிவாரணம் கிடைக்காததற்கும் இதுதான் காரணம். முழுப் பலன் கிடைக்கச் சில நாட்கள் ஆகும். அவசரத்துக்கு ஆன்டாசிட்தான் சரி.

மாத்திரையை உடைக்கவோ, மெல்லவோ, பொடி செய்யவோ கூடாது. வயிற்று அமிலத்தில் மருந்து சிதையாமல் இருக்கத்தான் மேலே ஒரு பூச்சு இருக்கிறது. அதை உடைத்தால் மருந்து வீணாகிவிடும்.

எத்தனை நாள்?

காரணத்தைப் பொறுத்தது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் ஒமெப்ரசோல் பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கும்: ஒரு சுற்று 14 நாட்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல், மருத்துவர் சொல்லாமல், இன்னொரு சுற்று கூடாது. சாதாரண நெஞ்செரிச்சலுக்கு 4 முதல் 8 வாரங்கள் கொடுத்துவிட்டு மறுபடி பரிசோதிப்பது மருத்துவர்களின் பொதுவான வழக்கம்.

இந்தியாவில் ஒமெப்ரசோலும் பான்டோபிரசோலும் ‘அட்டவணை எச்’ மருந்துகள். சட்டப்படி, மருந்துச் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும். நடைமுறை நமக்கே தெரியும்: ‘அண்ணா, ஒரு அட்டை பான் 40’ என்றால் போதும்.

மொழியும் ஒரு தடை. 1997இல் மைசூரு மாவட்டத்திலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது மார்டள்ளி. தமிழர்கள் பெருமளவில் வாழும் ஊர். அந்தக் கொள்ளேகால் பகுதி 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. அங்கே வீட்டில் பேசுவது தமிழ், பேருந்துப் பலகையில் கன்னடம், மாத்திரை அட்டையிலோ ஆங்கிலம். தமிழ்நாட்டுக்குள்ளும் அட்டையின் மொழி அதேதான். ஆக, அட்டையைப் படித்துச் சொல்லும் வேலை பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத்தான் வருகிறது.

அப்போ பக்கவிளைவு? எண்கள் என்ன சொல்கின்றன?

இங்கேதான் கவனமாகப் படிக்க வேண்டும். 2016இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 10 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பிபிஐ எடுத்தவர்களில் 10 ஆண்டுகளில் நாள்பட்ட சிறுநீரக நோய் வரும் வாய்ப்பு 11.8 சதவீதம். அதே ஆட்கள் இந்த மருந்தை எடுக்காமல் இருந்திருந்தால் 8.5 சதவீதம் என்று கணித்தார்கள். அதாவது நூறு பேரில் கூடுதலாக மூன்று பேர்.

ஆனால் இது கவனித்து எழுதிய ஆய்வு. பிபிஐ எடுப்பவர்கள் பொதுவாகவே வயதானவர்கள், வேறு நோய் உள்ளவர்கள், வலி மாத்திரை போடுபவர்கள். சிறுநீரகம் கெட்டது மாத்திரையாலா, அந்த மற்ற காரணங்களாலா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் முழுதாகப் பிரிக்க முடியாது.

அதற்குத்தான் இன்னொரு வகை ஆய்வு. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். ‘காம்பஸ்’ என்ற அந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. 17,598 இதய, ரத்தக்குழாய் நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தினமும் 40 மில்லிகிராம் பான்டோபிரசோல், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். சிறுநீரக நோய், எலும்பு முறிவு, நிமோனியா, மறதி நோய் எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கூடியது குடல் தொற்று மட்டும்: மருந்து எடுத்தவர்களில் 1.4 சதவீதம், எடுக்காதவர்களில் 1 சதவீதம். ஆயிரம் பேரில் நான்கு பேர் கூடுதல். வயிற்று அமிலம் கிருமிகளைக் கொல்லும் காவலாளி என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான்.

இதை வைத்து ‘பத்து வருஷம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வு பார்த்தது மூன்று ஆண்டுகள்தான். ஆனால் பீதி பரப்பும் ஃபார்வர்டுகளுக்கு இது நல்ல பதில்.

அப்படியானால் எதைக் கவனிக்கணும்?

சிறுநீரகம்: அரிதாக, சிலருக்கு இந்த மருந்தின் ஒவ்வாமையால் சிறுநீரகத்தில் திடீர் அழற்சி வரும். 2019இல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம், பிபிஐ மருந்துகளின் குறிப்புத் தாளில் திடீர் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. சிறுநீர் குறைவது, கால் வீக்கம், காரணமில்லாத காய்ச்சல், தோல் தடிப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பி12 சத்து: உணவிலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் தேவை. 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு மேல் பிபிஐ எடுத்தவர்களிடம் பி12 குறைபாட்டுக்கான வாய்ப்பு சுமார் 65 சதவீதம் கூடுதலாக இருந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் பி12ஐக் குறைக்கும். சைவ உணவிலும் அந்தச் சத்து குறைவு. இந்த மூன்றும் சேர்ந்த ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கலாம். கை, கால் மரத்துப்போவதை ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

மெக்னீசியம்: நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இல் எச்சரித்தது. தசைப்பிடிப்பு, படபடப்பு இதன் அறிகுறிகள்.

மற்ற மருந்துகள்: இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் குளோபிடோகிரெல் மருந்தின் வேலையை ஒமெப்ரசோலும் எசோமெப்ரசோலும் குறைக்கும். பான்டோபிரசோலுக்கு அந்தப் பாதிப்பு குறைவு. தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை உடலில் சேர்வதையும் பிபிஐ குறைக்கலாம். அதனால் புது மருந்து தொடங்கும்போது பழைய அட்டைகளை எல்லாம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘பான் டி’யில் அந்த ‘டி’ என்ன?

டொம்பெரிடோன். வாந்தி, குமட்டலுக்கான மருந்து. இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால், 2014இல் ஐரோப்பிய மருந்து முகமை இதைக் குமட்டல், வாந்திக்கு மட்டும், குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல் பயன்படுத்தச் சொன்னது. வெறும் நெஞ்செரிச்சலுக்கு மாதக்கணக்கில் ‘டி’ தேவையா என்பது மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி. இதய நோய் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

ரானிடிடின் கதை என்ன?

ரான்டாக், ஏசிலாக் என்ற பெயர்களில் ஒரு தலைமுறையே போட்ட மாத்திரை. 2019 செப்டம்பரில், இதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு இருப்பதாக அமெரிக்கா அறிவித்தது. இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகமும் அதே மாதம் மாநிலங்களை உஷார்படுத்தியது. மருந்து இருப்பில் இருக்க இருக்க, வெப்பம் கூடக் கூட, இந்த மாசு அதிகரிக்கிறது என்று தெரிந்ததும் 2020 ஏப்ரல் 1 அன்று எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது அமெரிக்கா. இந்தியாவில் 2022 செப்டம்பரில் வந்த அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து இது நீக்கப்பட்டது. பட்டியலிலிருந்து நீக்குவது தடை அல்ல. வீட்டில் பழைய அட்டை இருந்தால், அதே வகையில் ஃபாமோடிடின் என்ற மாற்று இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

நிறுத்தினா மறுபடி எரியுதே?

இதுதான் பலரை மாட்டவைக்கும் இடம். 2009இல் டென்மார்க் ஆய்வாளர்கள், வயிற்றுப் பிரச்னையே இல்லாத 120 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு 8 வாரம் எசோமெப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். மற்ற பிரிவுக்கு முழுக்க வெற்று மாத்திரை. நிறுத்திய பிறகான 4 வாரங்களில் மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லைகள் வந்தன. மற்ற பிரிவில் 15 சதவீதம்.

அதாவது, நோய் இல்லாதவருக்கும் நிறுத்தியதும் எரிகிறது. அமிலத்தை அடக்கி வைத்ததால் உடல் சுரக்கும் திறனைக் கூட்டி வைத்திருக்கிறது. அதைப் பார்த்து ‘எனக்கு மாத்திரை இல்லாம முடியாது’ என்று நினைத்து மறுபடி தொடங்கிவிடுகிறோம். சில வாரங்கள் தாக்குப்பிடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எப்படி நிறுத்துவது? அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல்படி, படிப்படியாகக் குறைக்கலாம், நேரடியாகவும் நிறுத்தலாம். 40 மில்லிகிராமை 20 ஆக்குவது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது ஒரு வழி. இடையில் எரிந்தால் ஆன்டாசிட்டோ ஃபாமோடிடினோ தேவைக்கு மட்டும். கூடவே, படுப்பதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது, தலைப்பக்கம் கட்டிலை உயர்த்துவது, எடையைக் குறைப்பது, சிகரெட்டை விடுவது எல்லாம் உண்மையிலேயே உதவும்.

யார் நிறுத்தவே கூடாது?

அல்சரில் ரத்தக்கசிவு வந்தவர்கள், உணவுக்குழாயில் கடுமையான புண் அல்லது ‘பாரெட்’ மாற்றம் இருப்பவர்கள், ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, மூட்டுவலி மாத்திரை எடுக்கும் முதியவர்கள். இவர்களுக்கு இந்த மாத்திரை ஒரு கவசம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அப்பாவின் டப்பாவிலிருந்து அதை எடுத்துவிடாதீர்கள். ‘இது எதுக்கு எழுதினீங்க, இன்னும் தேவையா?’ என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

‘கேஸ்’ என்று நினைக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி: இது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வரலாம். மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் கர்நாடகாவிலும் ஆம்புலன்ஸுக்கு 108.

விழுங்கச் சிரமம், தார் போல் கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைவது, ரத்தசோகை இருந்தால் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். மாத்திரை இந்த அறிகுறிகளைச் சில நாள் மறைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. அல்சருக்குப் பின்னால் ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ கிருமி இருந்தால், அதைக் கொல்ல ஆன்டிபயாடிக் வேண்டும். அதைக் கண்டுபிடித்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஈனோ, ஜெலுசில் மட்டும் போதுமா?

எப்போதாவது எரிச்சல் என்றால் போதும். ஆனால் இவையும் தண்ணீர் மாதிரி குடிக்கக்கூடியவை இல்லை. ஈனோவில் சோடியம் அதிகம், எனவே ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கு அடிக்கடி வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட்டை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் எடுக்கும் நாட்களில் ஆன்டாசிட்டுக்கும் அதற்கும் சில மணி நேர இடைவெளி விடுங்கள்.

பக்கவிளைவு என்று சந்தேகம் வந்தால், இந்திய அரசின் மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மருத்துவர்கள் மட்டுமல்ல, நாமும் புகார் பதிவு செய்யலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவைத் திறந்து மூன்றே விஷயம் பாருங்கள்: ‘பிரசோல்’ என்று முடியும் பெயர் இருக்கிறதா, எப்போது தொடங்கியது, யார் எதற்காக எழுதினார்கள். மூன்றாவது கேள்விக்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், மருத்துவரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.