அரிசி வாங்கிய கைகள் ஆறுதல் சொல்லப் போயின!

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பஸ் ஏறினால் மேற்கு மலை கூடவே ஓடி வரும். இந்த முனையில் பஞ்சாலைகள். அந்த முனையில் ஆண்டாள் கோவில் கோபுரம். கோர்ட்டுக்குப் போகிறவர்களும் பால்கோவா வாங்கப் போகிறவர்களும் தினமும் பார்க்கும் பாதை இது.

இந்த இரண்டு ஊர்ப் பக்கத்தில்தான் மொட்டமலை முகாம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அதை "அகதிகள் முகாம்" என்பார்கள். "பாவம்!" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். அதற்குள் பஸ் தாண்டிப் போய்விடும்.

அங்கே வசிப்பவர்கள் யார்? எங்கிருந்து வந்தார்கள்? வாங்கிச் சாப்பிடுவதைத் தவிர அவர்கள் வேறு எதுவும் செய்ததில்லையா?

செய்திருக்கிறார்கள். அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

கடல் கடந்து வந்தார்கள்

1983-ம் ஆண்டு ஜூலை மாதம். இலங்கையில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். உயிர் தப்பியவர்கள் படகு ஏறினார்கள்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் அதிகத் தொலைவு இல்லை. சுமார் 30 கிலோமீட்டர். ஆனால் இரவில், ஆள் நிறைந்த படகில், கைக்குழந்தையுடன் கடக்க வேண்டிய 30 கிலோமீட்டர்! சில படகுக்காரர்கள் கரை வரை வருவதில்லை. நடுக்கடல் மணல் திட்டில் இறக்கி விட்டுத் திரும்பி விடுவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல், யாராவது வருவார்களா என்று அந்தத் திட்டில் காத்துக் கிடந்தவர்கள் உண்டு.

1983-லிருந்து 1987-க்குள் வந்தவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். 1987-ல் ஒப்பந்தம் ஆனதும் சிலர் திரும்பிப் போனார்கள். 1990-ல் மறுபடி சண்டை, மறுபடி படகு. 1996-ல் ஒரு கூட்டம். 2006-ல் இன்னொரு கூட்டம். மொத்தம் 3 லட்சம் பேருக்கு மேல் இப்படி வந்தார்கள். சண்டை 2009 மே மாதம் முடிந்தது.

வந்தவர்கள் முதலில் தங்கிய இடம் மண்டபம் முகாம். அந்த முகாமுக்கு ஒரு பழைய கதை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர்களை அங்கேதான் தங்க வைத்துச் சோதனை செய்தார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கப்பல் ஏற விடுவார்கள். பாட்டன் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போது தங்கிய இடத்தில், பேரன் உயிர் பிழைத்து வந்து தங்கினான். காலம் செய்கிற வேலை!

மண்டபத்திலிருந்து லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றித் தமிழ்நாடு முழுவதும் உள்ள முகாம்களுக்கு அனுப்பினார்கள். மொட்டமலையும் அப்படிப்பட்ட முகாம்களில் ஒன்று.

பத்தடிக்குப் பத்தடி

முகாம் வீடு என்றால் என்ன? பத்தடி நீளம், பத்தடி அகலம். பெரும்பாலான முகாம்களில் முதலில் கட்டியது அவ்வளவுதான். தார் அட்டைக் கூரை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. வயதுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் தாய் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சேலையைக் கட்டி அறையை இரண்டாக்கிக் கொள்வார்கள்.

அரசாங்கம் மாதப் பணம் கொடுத்தது. அரிசி கொடுத்தது. ஒரு காலத்தில் அந்த அரிசி கிலோ 57 காசு. பட்டினி இல்லை. அது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் பணம் வேண்டுமானால் ஆள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் வருவாய்த் துறை அதிகாரி வருவார். பெயரைக் கூப்பிடுவார். எழுந்து நிற்க வேண்டும். அன்று வெளியூரில் பெயின்ட் அடிக்கப் போனவர் இல்லாவிட்டால் பணம் நின்று போகும். முகாம் ஆண்கள் பலருக்குப் பெயின்ட் வேலைதான் பிழைப்பு. ஒரு நாள் கூலியை விட்டு வந்து வரிசையில் நிற்பதா, பணத்தை விடுவதா? ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்குத்தான்.

படிப்பு விஷயமும் இப்படித்தான். எம்.ஜி.ஆர். ஆட்சியில் அகதி மாணவர்களுக்குக் கல்லூரியில் இடம் ஒதுக்கினார்கள். 1991-ல் ராஜீவ் காந்தி கொலை செய்யப்பட்ட பிறகு அந்தக் கதவு மூடியது. யாரோ செய்த பாதகத்துக்கு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை தண்டனை அனுபவித்தது. 1996-ல் கதவு மறுபடி திறந்தது.

"நாமே செய்வோம்!"

1984-ல் அகதிகள் தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்று பெயர். "ஏதிலி" என்றால் ஆதரவு இல்லாதவன் என்று பொருள். தந்தை செல்வா என்று இலங்கைத் தமிழர் போற்றும் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் அதைத் தொடங்கி நடத்தினார். அவர் வக்கீல்.

"கொடுப்பதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பிள்ளைகள் வீணாகிப் போவார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில் நம்மிடம் ஏதாவது தொழிலும் படிப்பும் இருக்க வேண்டும்." இதுதான் அவர்கள் எண்ணம்.

முகாமில் கொஞ்சம் படித்த பெண், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். சத்துக் குறைந்த குழந்தைகளுக்குச் சத்து மாவு கொடுத்தார்கள். சுருள்பாசி என்று ஒன்று உண்டு. தொட்டித் தண்ணீரில் வளர்க்கும் பச்சைப் பாசி. அதில் புரதம் நிறைய. அதை வளர்த்து, காய வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பெண்கள் குழு அமைத்துச் சேமித்தார்கள். கந்து வட்டிக்காரர் வாசலுக்கு வருவது குறைந்தது.

எல்லாவற்றையும் விட முக்கியமான வேலை ஒன்று உண்டு. அது காகித வேலை. முகாமில் பிறந்த குழந்தைக்கு இலங்கைப் பிறப்புச் சான்று வாங்கித் தருவது! கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குழந்தையும் இல்லை. ஒருவருக்காகப் பத்து முறை எழுதிப்போட்டு, அலைந்து வாங்கிக் கொடுத்தார்கள்.

வெள்ளமோ, புயலோ, கலவரமோ வந்தால் ஊர் எழுந்து நிற்பது இப்படிப்பட்ட வேலைகளால்தான். எந்த வீட்டில் எத்தனை பேர்? யாருக்கு மருந்து வேண்டும்? எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள்? இது தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்க வேண்டும். வெளியூர் லாரி வந்த பிறகு பட்டியல் எழுத முடியாது.

2004 டிசம்பர் 26

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. கடல் பொங்கியது. தமிழ்நாட்டில் சுமார் 8 ஆயிரம் பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரம் பேர்!

நாடு முழுவதிலிருந்தும் லாரி லாரியாகப் பொருள்கள் வந்தன. நல்ல மனம்தான். ஆனால் என்ன நடந்தது? பழைய துணிகள் நாகப்பட்டினம் சாலை ஓரத்தில் குப்பையாகக் குவிந்தன. மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவே இல்லை. மானமாக வாழ்ந்தவர்கள் அடுத்தவர் கட்டிக் கழித்ததை எப்படிக் கட்டுவார்கள்? அவர்களுக்கு வேண்டியது சமைக்கப் பாத்திரம், ஒதுங்க மறைவிடம், படகு, வலை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டு விட்டு அனுப்பியவர்கள் குறைவு.

முகாம் அகதிகளுக்கு இது கேட்காமலே தெரியும். அவர்கள் அந்த வரிசையில் நின்றவர்கள் அல்லவா?

அகதி இளைஞர்களும் பெண்களும் தொண்டர்களாகக் கடற்கரை ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். துயரத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சி பெற்றுப் போனார்கள். பயிற்சியில் முதல் பாடம், பேசாமல் இருப்பது. "அழாதே" என்று சொல்லக் கூடாது. "எல்லாம் விதி" என்று சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்கார வேண்டும். அவர்கள் சொல்லும்போது கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் யார் போய் ஆறுதல் சொன்னாலும் "உனக்கு என்ன தெரியும்?" என்றுதான் தோன்றும். வீடும் உறவும் ஒரே நாளில் போனவர் வந்து உட்கார்ந்தால் அப்படிக் கேட்க முடியாது.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அதே அலை, அதே காலை, இலங்கையையும் அடித்தது. அங்கே 30 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு எல்லாம் இவர்களுடைய சொந்த பந்தம் இருந்த ஊர்கள். போய்ப் பார்க்க வழி இல்லை. தங்கள் துக்கத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் அடுத்தவர் துக்கத்தைக் கேட்கப் போனார்கள்.

பாணும் ரொட்டியும்

முகாமுக்கும் ஊருக்கும் நடுவே ஆரம்பத்தில் இருந்த தூரம் பேச்சிலேயே தெரியும். கடையில் "பாண் இருக்கா?" என்று கேட்டால் நம்மூர்க் கடைக்காரர் விழிப்பார். பாண் என்றால் ரொட்டி. அவர்கள் "கதைப்பார்கள்", நாம் பேசுவோம். அவர்களுக்குத் "தேத்தண்ணி", நமக்கு டீ.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இரண்டும் பேசுவார்கள். வீட்டில் அம்மாவிடம் "கதைக்கிறது". பள்ளிக்கூடத்தில் சிநேகிதனிடம் "என்னடா, எங்கிட்டுப் போற?" புட்டும் சம்பலும் அவர்கள் வீட்டில். பால்கோவா எல்லோருக்கும் பொது!

வீடு வருகிறது, நாடு?

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. பழுதான 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்த பணம் 1,500 ஆயிற்று. மற்றப் பெரியவர்களுக்கு 750 ரூபாய் 1,000 ஆயிற்று. "அகதிகள் முகாம்" என்ற பெயரும் மாறி, "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" ஆயிற்று. முதல் வீடுகள் 2022 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்து முகாமில் திறக்கப்பட்டன. 321 வீடுகள்.

அதே 2022-ல் இலங்கையில் பணம் மதிப்பிழந்தது. அரிசி விலை ஏறியது. பெட்ரோல் இல்லை, மருந்து இல்லை. மார்ச் மாதம் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் மறுபடி படகு வந்தது. இம்முறை குண்டுக்குப் பயந்து அல்ல, பசிக்குப் பயந்து. மே மாதம் 18-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் எதிர்த் திசையில் போனது. அதில் தமிழ்நாட்டு அரிசி, பால் மாவு, மருந்து. மொத்தம் 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால் மாவு அனுப்புவது என்று திட்டம். தமிழர், சிங்களர், முஸ்லிம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் கொடுப்பதற்காக அனுப்பினார்கள்.

வீடு வருகிறது. அரிசி வருகிறது. இந்தியக் குடியுரிமை? 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் பெயர்கள் இருக்கின்றன. இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். அது ஒரு நிம்மதி.

1990-ல் கைக்குழந்தையாக வந்தவருக்கு இப்போது 35 வயதுக்கு மேல். அவர் பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறது. விண்ணப்பத்தில் "நாடு" என்ற கட்டம் வரும்போது, என்ன எழுதுவது என்று அந்தப் பிள்ளை இன்னும் அப்பாவைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.