வயோதிகம் என்னும் பூதம்

பயங்கரப் படம் என்றால் பேயோ பிசாசோ வரவேண்டும் என்பது ஸினிமா சம்பிரதாயம். 1962-ம் வருஷம் ஹாலிவுட்டில் தயாரான ‘பேபி ஜேனுக்கு என்ன நேர்ந்தது?’ என்ற படத்தில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. பழைய பங்களா ஒன்றில் வயது சென்ற இரு சகோதரிகள் வசிக்கிறார்கள். ஒருத்தி குழந்தைப் பருவத்தில் மேடையில் ஆடிப் பாடிப் புகழ் பெற்றவள். மற்றவள் ஸினிமா நக்ஷத்திரமாயிருந்து, இப்போது சக்கர நாற்காலியில் காலந்தள்ளுகிறவள். அவளுடைய சாப்பாட்டுத் தட்டில் செத்த எலியை வைத்து மூடிக் கொண்டுவருகிறாள் முன்னவள்! வேறு பிசாசு எதற்கு?

நடித்த இருவரும் சாமான்யர்கள் அல்லர். பெட்டி டேவிஸ் இரண்டு முறை ஆஸ்கார் பரிசு பெற்றவர். ஜோன் கிராஃபோர்டு ஒரு முறை பெற்றவர். ஆயினும் ஐம்பது வயதைத் தாண்டியதும் நல்ல வேஷங்கள் அவர்களைத் தேடி வருவது நின்றுபோயிற்று. பெட்டி டேவிஸ் அதே வருஷத்தில் தமக்கு வேலை வேண்டுமென்று ஸினிமாத் தொழில் பத்திரிகையில் விளம்பரமே செய்தார். விளம்பரத்தில் வேடிக்கை இருந்தது. வேடிக்கைக்கு அடியில் கசப்பும் இருந்தது.

ஆண் நடிகர்களுக்கு இந்தக் கஷ்டம் உண்டா? 1963-ல் ‘ஷரேட்’ என்ற படம் வெளியானபோது கதாநாயகன் காரி கிராண்டுக்கு வயது 59. கதாநாயகி ஆட்ரி ஹெப்பர்னுக்கு 34. அதை யாரும் பயங்கரப் படம் என்று சொல்லவில்லை!

டைரக்டர் ராபர்ட் ஆல்ட்ரிச் பத்து லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் ‘பேபி ஜே’னை முடித்தார். நடிகைகள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபத்தில் பங்கு பெறச் சம்மதித்தார்கள். சுண்ணாம்பு அடித்தாற்போன்ற முகப்பூச்சைப் பெட்டி டேவிஸ் தாமே தீர்மானித்தார். அழகாகத் தோன்ற வேண்டுமென்ற ஆசையை அவர் அடியோடு துறந்ததில்தான் அந்த நடிப்பின் மேன்மை இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். போட்ட பணம் பல மடங்காகத் திரும்பியது. ஆஸ்கார் பரிசுக்கும் அவர் பெயர் மறுபடி முன்மொழியப்பட்டது.

லாபத்தைக் கண்டதும் மற்ற முதலாளிகள் சும்மா இருப்பார்களா? பழைய நடிகைகளைத் தேடிப் பிடித்துக் கையில் கோடரியைக் கொடுத்தார்கள். ஜோன் கிராஃபோர்டு 1964-ல் ‘ஸ்ட்ரெயிட் ஜாக்கெட்’டில் அப்படித்தான் தோன்றினார். 1970-ல் அவர் நடித்த ‘ட்ராக்’ படத்தில் குகையில் அகப்பட்ட குரங்கு மனிதனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படம்.

அந்த மலிவான படத்திலும் அவர் அலட்சியமாக நடிக்கவில்லை. கிடைத்த வேஷம் அற்பமானாலும் உழைப்பில் குறை வைக்காத அந்தப் பெண்மணிகளை எண்ணும்போது நமக்கு மரியாதைதான் உண்டாகிறது. வெட்கப்பட வேண்டியவர்கள், வயோதிகத்தையே பூதமாக்கி டிக்கெட் விற்றவர்கள்.