தோன்றா எழுவாய்

‘வந்தான்’ என்னும் ஒரு சொல்லே வாக்கியமாக நிற்கும். வந்தவன் ஆடவன் என்பதை விகுதி காட்டிவிடும். இதனைத் தோன்றா எழுவாய் என மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். நோய்க்கு விகுதி இல்லை. எனினும் மனித மனம் ‘நோய் வந்தது’ என்பதோடு அமைவதில்லை. செய்தவன் ஒருவனைத் தேடுகின்றது. நம் புத்தளக் கரையூர்களில் அதற்குச் ‘செய்வினை’ என்றே பெயர். இலக்கணச் செய்வினைக்குக் கருத்தா வேண்டும். இச்செய்வினைக்குப் பகைவன் வேண்டும். தீங்கிழைத்தவனைத் தண்டிக்குமாறு முன்னேசுவரத்துக் காளியிடம் முறையிடுவோர் உளர். தலவில அன்னம்மாள் ஆலயத்தில் நேர்த்தி வைப்போரோ எவர்மீதும் பழி சுமத்துவதில்லை, ஆறுதலையே வேண்டுகின்றனர். இவ்விரண்டும் ஒன்றல்ல.

லாசரசு, போக்குமன் என்னும் உளநூலார் 1984இல் வெளியிட்ட நூலில், இடரின் காரணத்தைக் களைய முயல்வது, கலங்கிய உள்ளத்தை ஆற்றுவது என இருநெறி வகுத்தனர். ‘சதி நடந்தது’ என நம்புவது இரண்டையும் ஒருங்கே செய்வதுபோலத் தோன்றும். ஆயின் 2017இல் கரன் டக்ளசு முதலிய மூவர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். அந்நம்பிக்கை கவர்கின்ற அளவிற்கு மனநிறைவு தருவதாகத் தெரியவில்லை; சில சோதனைகளில் கையறுநிலையே மிகுந்தது.

இதனை நாம் ஏட்டில் மட்டுமா கண்டோம்? கொரோனாவால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என 2020 ஏப்பிரலில் விதி செய்தனர். புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றனர். உலக சுகாதார நிறுவனம் இருமுறையையும் ஏற்றிருந்தது. மையித்தை மண்ணுக்குக் கொடுப்பதைக் கடமையாகக் கொண்ட முசிலிம் மக்கள் பட்ட வேதனை சொல்லுந்தரமன்று. விதி 2021 பெப்ரவரியில் நீங்கிற்று. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்தவை எரிந்தவையே.

வைரசு என்றாலே நடுங்கிய அதே 2020இல், குரோவேசிய நாட்டு வைரசு ஆய்வாளர் பேயாட்டா அலாசி, தமக்கு மார்பகப் புற்று மீண்டும் தோன்றவே, சின்னமுத்துத் தடுப்பூசி வைரசையும் பின்னர் வேறொரு வைரசையும் கட்டியினுள் செலுத்துவித்தார். இத்தகு வைரசு புற்றுக்கலத்தினுட் பெருகி அதனை உடைக்கும்; உடைவு கண்டு உடலின் காவலும் விழிக்கும். கட்டி சுருங்கியது; அறுவையால் அதனை நீக்கினர். செய்தி 2024இல் ஆய்விதழில் வெளிவந்தது. ஒருவர் உடலிற் கண்டது எல்லார்க்கும் விதியாகாது. எனினும் இந்நெறி புதிதன்று. தோலில் வரும் மெலனோமாப் புற்றுக்கு, மாற்றியமைத்த ஹேர்ப்பிசு வைரசை அமெரிக்கா 2015இலேயே ஏற்றது.

சிலாபத்து நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். “அப்படியானால் இதை நமக்கு மறைத்தவர் யார், ஐயா?” என்றார். மீண்டும் எழுவாய்! அவருடைய தமக்கையார், கத்தி பட்டால் புற்றுப் பரவும் என்ற ஊர்ப்பேச்சை நம்பி, மார்பிற் கட்டியுடன் மாதங்களைக் கழித்தவர்.

“மறைத்தவர் எவருமிலர், அக்கட்டுரையை யாரும் படிக்கலாம். வைரசை அறிந்த அந்த அம்மையாரும் ஈற்றில் கத்தியை விலக்கவில்லை” என்றேன்.

அவர் விடை கூறவில்லை. மறுகிழமை, தமக்கையை மகரகமைக்கு அழைத்துச் செல்ல வாகனம் பேசியிருப்பதாகச் சொல்லியனுப்பினார்.