உடைந்த சில்லிலும் முழு உருவம்

ஒரு புகைப்படத்தை நான்காகக் கிழித்தால் ஒரு துண்டில் காது இருக்கும், இன்னொன்றில் சட்டைப் பொத்தான் இருக்கும். கண்ணாடித் தகட்டில் பதித்த ஹாலோகிராமை உடைத்தால் ஒவ்வொரு சில்லிலும் முழு உருவமும் தெரியும். பார்க்கும் கோணம் குறுகும், கூர்மை சற்று மங்கும், அவ்வளவுதான். சன்னலை அடைத்துவிட்டு ஓர் ஓட்டை மட்டும் விட்டாலும், கண்ணை அதனருகே வைத்தால் தெரு முழுவதும் தெரிகிறதல்லவா, அதுபோலத்தான்.

தகட்டில் பதிவாவது உருவமே அல்ல என்பதுதான் காரணம். கேமரா பதிவு செய்வது ஒளியின் பிரகாசத்தை மட்டும். வந்து சேர்ந்த அலை அந்த இடத்தில் முகடாக இருந்ததா பள்ளமாக இருந்ததா என்பது தொலைந்துபோகும். ஆழம் பற்றிய செய்தியோ அதில்தான் இருக்கிறது. ஹாலோகிராமில் ஒரே லேசர் கற்றையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பொருளில் பட்டுச் சிதறித் தகட்டுக்கு வரும். மற்றது பொருளைத் தொடாமலே வரும். இரண்டின் முகடுகளும் சேரும் இடத்தில் வெளிச்சம். முகடும் பள்ளமும் சேரும் இடத்தில் இருட்டு. இப்படி உண்டாகும் நுண்ணிய வரிகள் ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரத்துக்கு மேல்கூட இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தகடு புகை படிந்த கண்ணாடிதான். அதே லேசரை அதே கோணத்தில் பாய்ச்சினால், ஒளி அந்த வரிகளில் வளைந்து, அன்று பொருளிலிருந்து கிளம்பிய அலையாகவே மீண்டும் கிளம்பும். தலையை நகர்த்தினால் பின்னால் மறைந்திருந்ததும் எட்டிப் பார்க்கும்.

1947இல் இதைக் கண்டுபிடித்த டென்னிஸ் காபோர் முப்பரிமாண வேடிக்கை காட்டப் புறப்பட்டவர் அல்லர். ஹங்கேரியில் பிறந்து இங்கிலாந்தின் ரக்பி நகரில் வேலை பார்த்த பொறியாளர் அவர். எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் லென்ஸ் குறையைத் தாண்ட வழி தேடினார். கையில் இருந்ததோ பாதரச விளக்கு. கிடைத்த உருவத்தின்மேல் இன்னொரு மங்கல் உருவம் ஏறிக்கொண்டு படுத்தியது. 1960இல் லேசர் பிறந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்மெட் லீத்தும் யூரிஸ் உபட்நீக்ஸும் இரண்டாவது கற்றையைச் சாய்வாகப் பாய்ச்சி அந்த மங்கலை விலக்கினார்கள். 1964இல் அவர்கள் காட்டிய பொம்மை ரயில் ஹாலோகிராமுக்குப் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. காபோருக்கு நோபல் பரிசு 1971இல் வந்தது.

நமக்குப் பழக்கமானது கடன் அட்டையில் மினுங்கும் வெள்ளித் துண்டு. ஸ்டீஃபன் பென்டன் 1968இல் உருவாக்கிய, சாதாரண வெளிச்சத்திலேயே தெரியும் வானவில் ஹாலோகிராமின் வாரிசு அது. வரிகளை பிளாஸ்டிக் படலத்தில் அச்சுபோல அழுத்திவிடலாம். நகலெடுக்கும் இயந்திரத்தால் அந்த வரிகளைப் பிரதியெடுக்க முடியாது. மேடையில் தோன்றும் மறைந்த பாடகர்கள் கதை வேறு. 2012இல் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ‘பாடிய’ டூபாக், சாய்த்துக் கட்டிய படலத்தில் பிரதிபலித்த வீடியோ. 1862இல் லண்டனில் ஜான் பெப்பர் கண்ணாடியை வைத்துப் பேய் காட்டிய அதே தந்திரம். ரசிக்கலாம், ஆனால் ஹாலோகிராம் கணக்கில் சேராது.

என்னைக் கேட்டால் இந்தக் கலையின் உண்மையான பெருமை படம் காட்டுவதில் இல்லை, அளப்பதில் இருக்கிறது. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். பதிவின்போது பொருள் அதில் ஒரு சிறு பங்கு அசைந்தாலே படம் கெடும். அதனால் அதிர்வு தாங்கும் கனத்த மேசைகளில்தான் வேலை நடக்கும். இந்தத் தொல்லையை 1965இல் மிச்சிகனின் ராபர்ட் பவலும் கார்ல் ஸ்டெட்சனும் கருவியாக்கினார்கள். அதிரும் பொருளின் ஹாலோகிராமில் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. எந்த இடம் எவ்வளவு அதிர்கிறது என்பதை அவை அப்படியே வரைந்து காட்டின. டயரைச் சோதிக்கவும் இதே வழி: சாதாரணமாக ஒரு பதிவு, சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சியபின் அதே தகட்டில் இன்னொரு பதிவு. உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அந்த இடம் மைக்ரான் அளவில் உப்பும். படத்தில் வளையம் வளையமாக வரிகள் கிளம்பும். டயரை அறுக்க வேண்டியதில்லை.

காபோர் விரும்பிய எலெக்ட்ரான் ஹாலோகிராமும் கைகூடியது. ஜப்பானில் ஹிட்டாச்சியின் அகிரா டொனோமுரா, 1980களில் எலெக்ட்ரான் கற்றைகளைக் கொண்டு எடுத்த ஹாலோகிராம்களில் நுண்ணிய காந்தங்களின் விசைக்கோடுகளையே படமாக்கிக் காட்டினார்.